ஹிரோஷிமாவின் சாட்சிகளும் ஸ்தாபனங்களின் ஞாபகமும்



1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவிலும், 9-ஆம் தேதி முற்பகல் 11.02 மணிக்கு நாகசாகியிலும் அணுகுண்டு வெடித்ததையும், அவ்வாண்டு முடிவதற்குள் முதல் நகரத்தில் ஏறக்குறைய 1,40,000 பேரும் இரண்டாவது நகரத்தில் சுமார் 70,000 பேரும் மாண்டதையும் இந்தச் சபையில் அறியாதவர் இல்லை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது பிழைத்தவர்களைப் பற்றிய விஷயம். அதிலும் முக்கியமாக, பிழைத்தவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்ல வாய் திறந்தபோது, அந்தச் சொல் உலகத்தின் செவியை அடைவதற்கு முன்னால் எத்தனை காரியாலயங்களையும், எத்தனை மேஜைகளையும், எத்தனை முத்திரைகளையும் கடந்து வரவேண்டியிருந்தது என்பதைப் பற்றிய விஷயம்.

இப்படிப் பிழைத்தவர்களை ஜப்பானியர் ஹிபாகுஷா என்று அழைக்கிறார்கள். தனி மனிதருடைய ஞாபகம் அவரோடு பிறந்து அவரோடு மறைவது. அது ஒரு தேசத்தின் ஞாபகமாக வேண்டுமானால், எழுதிவைக்க ஓர் ஏடு வேண்டும். காப்பாற்ற ஒரு கட்டடம் வேண்டும். ஆண்டுதோறும் எடுத்துச் சொல்ல ஒரு நாளும் ஒரு மேடையும் வேண்டும். இவற்றையெல்லாம் ஸ்தாபனங்கள்தான் தரமுடியும். ஆகையால் ஸ்தாபனங்களைப் பழித்துப் பேசுவது என் நோக்கமன்று. எனினும் ஒவ்வொரு ஸ்தாபனமும் தனக்கென்று ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே சாட்சியின் எதிரில் வந்து உட்காருகிறது என்பதையும், அந்தக் கேள்விக்கு உட்பட்ட விடையை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதைக் கேளாததுபோல் விட்டுவிடுகிறது என்பதையும், அப்படி விடுபட்டதைத் தேடிச் சேர்க்கும் பாரம் மறுபடியும் அந்தச் சாட்சிகளின் தலையிலேயே வந்து விழுந்தது என்பதையும், எண்பது ஆண்டுச் சரித்திரத்திலிருந்து எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

தொடக்கத்தில் ஸ்தாபனம் எதுவும் இல்லை. ஒரு மனிதர்தான் இருந்தார். நாகாவோகா ஷோகோ என்ற அவர் ஹிரோஷிமாவில் ஒரு கலாசாலையில் பணியாற்றிவந்த பூகர்ப்ப சாஸ்திரி. குண்டு விழுந்த சில நாட்களுக்குள் அவர் எரிந்த நகரத்துக்குள் நடந்து வந்து, ஒரு ஷிந்தோ ஆலயத்தின் கல்விளக்குப் பீடத்தில் களைப்பாற உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் ஏதோ குத்திற்று. எழுந்து தடவிப் பார்த்தால், வழவழப்பாக இருக்கவேண்டிய கல்லின் மேற்பரப்பு உருகிச் சிலிர்த்து முள்முள்ளாக நின்றது. கல்லின் இயல்பை அறிந்த அவருக்கு, இதைச் செய்த வெப்பம் சாதாரண வெடிமருந்துக்குரியதன்று என்பது விளங்கிவிட்டது. அதுமுதல் அவர் உருகிய ஓடுகளையும், வெந்த கற்களையும், உருக்குலைந்த புட்டிகளையும் பொறுக்கிச் சுமந்து வந்து வீட்டில் குவித்தார். இந்தக் குப்பை எதற்கு என்று கண்டவர்கள் கேட்டார்கள். 1955-இல், டாங்கே கென்ஸோ என்ற கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி எழுந்த அமைதி நினைவுக் காட்சிசாலை திறக்கப்பட்டபோது, அந்தக் குப்பையே அதன் மூலதனமாயிற்று. நாகாவோகாவே அதன் முதல் தலைவரானார்.

ஆனால் காட்சிசாலை வருவதற்குள் பத்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவற்றின் முற்பகுதியில் ஜப்பானை ஆண்டது நேசதேசங்களின் ஆக்கிரமிப்புச் சேனை. 1945 செப்டம்பரிலேயே அதன் தலைமை நிலையம் பத்திரிகைகளுக்கென்று ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. அணுகுண்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பொது அமைதியைக் குலைப்பதும் நேசப்படைகளின்மேல் அவநம்பிக்கையை உண்டாக்குவதுமான எதையும் அச்சிடலாகாது என்ற பொதுவிதியே போதுமானதாயிருந்தது. 1949 வரையில் தணிக்கை நீடித்தது. ஹிரோஷிமாவில் பிழைத்த நாவலாசிரியை ஓட்டா யோகோவின் நூல், சில பகுதிகள் நீக்கப்பட்ட பிறகே 1948-இல் வெளிவந்தது. முழு வடிவம் வர 1950 ஆயிற்று. நாகசாகி மருத்துவக் கல்லூரியில் கதிரியல் பிரிவில் பணிபுரிந்தவரும், குண்டில் மனைவியைப் பறிகொடுத்தவரும், ரத்தப் புற்றுநோயால் படுத்த படுக்கையாகக் கிடந்தவருமான டாக்டர் நாகாய் தகாஷியின் ‘நாகசாகியின் மணி’ 1946-லேயே எழுதி முடிக்கப்பட்டும் 1949 ஜனவரியில்தான் அச்சேறியது. அதுவும், மணிலா நகரத்தில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளைப் பற்றிய அறிக்கை ஒன்றையும் அதே புத்தகத்தில் சேர்த்துக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையின்பேரில். மணிலாவில் நடந்தவை உண்மையான கொடுமைகள். அவற்றை ஜப்பானிய ஜனங்கள் அறிந்தே ஆகவேண்டும். ஆனால் மரணப் படுக்கையில் கிடந்த ஒரு வைத்தியருடைய சாட்சியத்தின் முதுகில், அவர் செய்யாத குற்றத்தின் ஜாபிதாவைக் கட்டி அனுப்பியதன் பொருள் வேறு. இந்தத் துன்பம் செய்த வினைக்குக் கிடைத்த கூலிதான் என்று வாசகன் தானே முடிவுகட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உட்கருத்து. சாட்சியை மறைப்பதைவிட, சாட்சியைப் பேசவிட்டு அதற்கு இப்படி ஒரு சட்டம் போட்டு மாட்டுவது வலிமையான தணிக்கை என்று நான் நினைக்கிறேன்.

தணிக்கையாளர்கள் சாட்சியின் வாயை மூடிய அதே காலத்தில், இன்னொரு ஸ்தாபனம் சாட்சியின் உடம்பை ஆராயத் தொடங்கியது. ஜனாதிபதி ட்ரூமன் 1946 நவம்பரில் இட்ட உத்தரவின்பேரில் அமைந்தது அணுகுண்டுச் சேத ஆராய்ச்சிக் குழு. ஹிரோஷிமாவில் ஹிஜியாமா என்ற குன்றின்மேல், பீப்பாயை நெடுக்கே பிளந்து கவிழ்த்தாற்போன்ற கூரையுடைய கட்டடங்களை அது எழுப்பிற்று. நகரத்தில் எங்கிருந்து பார்த்தாலும் குன்றும் கட்டடங்களும் தெரியும். குழுவின் வண்டி ஹிபாகுஷாக்களின் வீட்டு வாசலுக்கே வரும், ஏற்றிக்கொண்டு போவார்கள், ஆடையைக் களையச் சொல்லிப் பரிசோதிப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், தழும்புகளைப் படம் பிடிப்பார்கள், திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சிகிச்சை மட்டும் கிடையாது. ஆராய்ச்சிதான் தங்கள் வேலை, வைத்தியம் உள்ளூர் டாக்டர்களின் வேலை என்பது குழுவின் கொள்கையாயிருந்தது.

இதில் ஒரு சிறு ஏற்பாட்டை மட்டும் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். அந்தப் பஞ்ச காலத்தில் கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்து கூடுதல் ரேஷன் உண்டு; அதற்காக அவர்கள் நகர சபையில் பெயர் பதியவேண்டும். பெயர் பதிய வந்த பெண்களிடமே, குண்டு விழுந்த அன்று நீயும் உன் புருஷனும் எங்கிருந்தீர்கள் என்று கேட்டுக் குழுவின் ஏட்டிலும் பதிந்துகொண்டார்கள். பிரசவமானதும் மருத்துவச்சி தகவல் கொடுப்பாள். டாக்டர் வந்து குழந்தையைப் பார்ப்பார். 1948 முதல் 1954 வரை இரு நகரங்களிலுமாக 70,000-க்கு மேற்பட்ட பிரசவங்கள் இவ்வாறு கவனிக்கப்பட்டன. விஞ்ஞான முறையைக் கருதினால் இதைவிடச் செம்மையான ஏற்பாடு இருக்கமுடியாது. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காக ஒரு பிடி அரிசி கேட்டு வரிசையில் நின்ற தாய், அந்த அரிசியோடு சேர்த்துத் தன் கர்ப்பத்தைப் பற்றிய பயத்தையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பயத்தைக் குறித்துக்கொள்ள அந்த ஏட்டில் இடம் இல்லை.

அந்த ஆராய்ச்சி வீண் என்று சொல்ல யாராலும் ஆகாது. ஏறக்குறைய 1,20,000 பேரை ஆயுள் முழுவதும் தொடர்ந்து கணக்கிட்டுவரும் அந்தப் பெரும் ஆய்வு, 1975-இல் இரு தேசங்களின் கூட்டு ஸ்தாபனமாக மாறிய பிறகும் நடந்துவருகிறது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் ஓராண்டில் எவ்வளவு கதிர்வீச்சுக்கு உட்படலாம் என்று விதித்திருக்கிறார்களே, அந்த வரம்புக்கு முக்கிய ஆதாரம் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பிழைத்தவர்களைத் தொடர்ந்து எடுத்த கணக்குத்தான். அந்த வகையில் நாம் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். சிகிச்சையின்றிச் சோதனைக்கு மட்டும் ஆளானோம் என்று அவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த மனக்குறைக்கு, அந்த ஸ்தாபனத்தின் தலைவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது 2017-இல். அதற்குள், குன்றின்மேல் ஏறிப்போன தாய்மார்களில் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள்.

பிறகு சர்க்கார் வந்தது. 1951-இல் கையெழுத்தான ஸான் பிரான்ஸிஸ்கோ உடன்படிக்கையில் அமெரிக்காவிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமையை ஜப்பான் விட்டுக்கொடுத்தது. ஆகவே ஹிபாகுஷாக்கள் தங்கள் சொந்த சர்க்காரிடம்தான் கை நீட்ட வேண்டியிருந்தது. 1957-இல் அவர்களுக்கென்று மருத்துவச் சட்டம் ஒன்று பிறந்தது. தகுதியுடையவர்களுக்கு ஒரு சிறு சுகாதாரக் கைப்புத்தகம் கொடுக்கப்பட்டது. எவர் தகுதியுடையவர்? குண்டு வெடித்தபோது குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தவர். இரண்டு வாரத்துக்குள் மையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குள் வந்தவர். பிணங்களையோ காயமுற்றவர்களையோ கையாண்டவர். இவர்களில் ஒருத்தியின் வயிற்றில் அன்று கருவாக இருந்தவர். இதைச் சாட்சிகளைக்கொண்டு ருசுப்படுத்தவும் வேண்டும். வீடும் வீதியும் உறவினரும் அண்டை அயலாரும் ஒரே காலையில் இல்லாமற்போன ஊரில், நீ அங்கே இருந்ததைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் எவரைக் கொண்டுவந்து நிறுத்துவது?

இந்தக் கைப்புத்தகம் பல்லாயிரம் பேருக்கு வைத்தியமும் ஜீவனமும் அளித்தது; மெய்தான். ஆனால் அதற்கு விண்ணப்பம் எழுதிய ஒவ்வொருவரும், தாம் அனுபவித்ததைத் தூரமாகவும் தேதியாகவும் மாற்றி எழுதக் கற்றுக்கொண்டார்கள். எத்தனை மீட்டர், எத்தனை மணி, எந்தப் பாலம், எந்தத் தெரு என்று தொடங்குவது நாளடைவில் மேடைச் சாட்சியத்துக்கும் மரபாகிவிட்டது. கைப்புத்தகம் பெறாமலேயே இறந்தவர்களும் உண்டு. தன் பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால் மகளுக்கு வரன் வராது, மருமகளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சி, வாயை மூடி வாழ்ந்தவர்கள் அவர்கள். சர்க்கார் ஏட்டைக்கொண்டு மட்டும் சரித்திரம் எழுதுவோமானால் இவர்கள் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

கறுப்பு மழையின் கதையை இங்கே சொல்லாமல் மேலே போகமுடியாது. குண்டு வெடித்த பிறகு நகரத்தின் வடமேற்குப் பக்கமாகக் கரியும் கதிர்வீச்சும் கலந்த மழை பெய்தது. அந்த வருஷமே வானிலை நிலையத்தைச் சேர்ந்தவர்கள், போக்குவரத்து வசதியில்லாத அந்த நாளில், ஊர் ஊராகச் சென்று விசாரித்து, பலத்த மழை பெய்த பகுதி இது, இலேசாகப் பெய்த பகுதி இது என்று ஒரு படம் வரைந்தார்கள். முப்பது ஆண்டுக்குப் பின், 1976-இல், பலத்த மழைப் பகுதிக்கு மட்டும் உதவி உண்டு என்று சர்க்கார் தீர்மானித்தபோது, அவசரத்தில் வரைந்த அந்தக் கோடே சட்டத்தின் எல்லையாயிற்று. கோட்டுக்கு வெளியே நின்று அதே கறுப்பு மழையில் நனைந்தவர்கள் நாங்களும் நனைந்தோம் என்று சொன்னார்கள். படம் அப்படிச் சொல்லவில்லை என்று பதில் வந்தது. கடைசியில் 84 முதியவர்கள் தொடுத்த வழக்கில் 2021 ஜூலை 14-ஆம் தேதி ஹிரோஷிமா உயர்நீதிமன்றம் அவர்களும் ஹிபாகுஷாக்களே என்று தீர்ப்புக் கூறிற்று. சர்க்காரும் அப்பீலுக்குப் போகாமல் ஒப்புக்கொண்டது. மழை பெய்து ஏறக்குறைய 76 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொரியர்களின் கதியோ இன்னும் பரிதாபம். அன்று ஜப்பானின் ஆளுகைக்குட்பட்டிருந்த கொரியாவிலிருந்து கூலிகளாகவும் படைத்தொழிலாளிகளாகவும் வந்து, அந்த இரு நகரங்களிலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டவர்கள் அவர்கள். பிழைத்து ஊர் திரும்பியவர்கள் வைத்தியத்துக்காக ஜப்பான் வந்து கைப்புத்தகம் பெற்றாலும், ஜப்பானை விட்டுப் புறப்பட்டவுடன் உதவித்தொகை பெறும் உரிமை போய்விடும் என்று 1974-இல் ஒரு சுற்றறிக்கை பிறந்து, 2003 வரை அமலில் இருந்தது. கடலைத் தாண்டினால் கதிர்வீச்சு உடம்பைவிட்டு இறங்கிவிடும் என்பதுபோல! அவர்களுக்கென்று ஹிரோஷிமாவில் ஒரு நினைவுக்கல் 1970-இல் நாட்டப்பட்டபோது, அது நின்ற இடம் அமைதிப் பூங்காவுக்கு வெளியே, ஆற்றுக்கு அக்கரையில். பூங்காவுக்குள் அதைக் கொண்டுவர 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. ஸ்தாபனங்கள் எவரை மறந்தன என்பதைப் பிற்காலத்தவர் படித்தறிய, அந்தக் கல் ஆற்றைக் கடந்துவர எடுத்துக்கொண்ட 29 ஆண்டுகளே போதும்.

இனிக் காட்சிசாலைக்கே திரும்புகிறேன். நாகாவோகா சுமந்து வந்த கற்களுக்கென்று கட்டிய அந்தக் கட்டடத்தில், திறந்த மறு ஆண்டே, 1956 மே மாதத்தில், அணுசக்தியை ஆக்க வேலைக்குப் பயன்படுத்துவதைக் குறித்து ஒரு பெரும் பொருட்காட்சி நடந்தது. அமெரிக்கப் பண்பாட்டு நிலையமும், நகர சபையும், மாகாண சர்க்காரும், பல்கலைக்கழகமும், உள்ளூர்ப் பத்திரிகையும் கூடி நடத்திய காட்சி அது. அதற்கு இடம் வேண்டுமென்று குண்டின் சின்னங்களை எல்லாம் வேறு கட்டடத்துக்கு எடுத்துச் சென்றார்கள். இறந்தவர்களின் உடைமைகள் இருந்த இடத்தில் மூன்று வாரம் இயந்திரக் கைகள் வித்தை காட்டின. லட்சம் பேருக்குமேல் வந்து பார்த்தார்கள். ஹிபாகுஷாக்கள் பலரும்கூட, தங்களைச் சுட்ட அதே சக்தி உலகத்துக்கு வாழ்வளிக்கும் என்றால் தங்கள் துன்பம் வீண்போகவில்லை என்று அன்று நம்பினார்கள். வலது கண்ணைக் குண்டில் இழந்த தத்துவப் பேராசிரியர் மோரிடாகி இச்சிரோவும் அப்படி நம்பியவரே. பின்னாளில் அந்த நம்பிக்கையை வெளிப்படையாகக் கைவிட்டு, எந்த வடிவிலும் அணுசக்தி ஆகாது என்ற முடிவுக்கு அவர் வந்துசேர்ந்தார். துன்பப்பட்டவனுக்கு ஆறுதல் எவ்வளவு தேவை என்பதை ஸ்தாபனங்கள் நன்றாக அறிந்திருக்கின்றன. ஆகையால் அவை கொடுக்கும் ஆறுதலையும் நாம் ஆராய்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

இவ்வகையில் எனக்கு மிகவும் துயரமளிப்பது நாகசாகியில் நடந்ததுதான். அங்கே வடபுறத்திலுள்ள உராகமி என்ற பகுதி, தலைமுறை தலைமுறையாக மறைவில் தங்கள் மதத்தைக் காத்துவந்த கிறிஸ்தவர்களின் குடியிருப்பு. ஊர்த் தலைவன் வீட்டில் ஆண்டுதோறும் கூட்டி நிறுத்தி, தெய்வத்தின் உருவத்தைக் காலால் மிதிக்கச் சொல்லி அவர்களை வதைத்தார்கள். மதச் சுதந்திரம் வந்த பிறகு, அதே வீட்டு மனையை விலைக்கு வாங்கி, அந்த ஏழை ஜனங்கள் தங்கள் உழைப்பால் ஒரு பெரிய தேவாலயத்தை எழுப்பினார்கள். குண்டு வெடித்த மையம் அதிலிருந்து சுமார் 500 மீட்டர். அங்கு வாழ்ந்த ஏறக்குறைய 12,000 கத்தோலிக்கர்களில் சுமார் 8,500 பேர் மாண்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் தேதி இடிபாடுகளுக்கு நடுவே நடந்த பூசையில் டாக்டர் நாகாய் எழுந்து, இவர்கள் மனித வர்க்கத்தின் பாவத்துக்கு ஈடாகத் தேவன் தேர்ந்தெடுத்துக்கொண்ட தகனபலி என்று பேசினார். அன்று கேட்டவர்களின் அழுகையை அந்தப் பேச்சு ஆற்றியது. அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் பலி என்று ஆனபிறகு எவரும் எவர்மீதும் குறை சொல்வதற்கில்லை. கோபத்துக்கும் கேள்விக்கும் இடமில்லாமற்போயிற்று. 1981-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ஜப்பானுக்கு வந்து, யுத்தம் மனிதன் செய்யும் காரியம் என்று ஹிரோஷிமாவில் பகிரங்கமாக உரைத்த பிறகே, உராகமியின் முதியோர் சிலர் வாய் திறந்து பேசத் துணிந்தார்கள்.

அதற்குள் அந்தத் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் போய்விட்டன. வைத்திருக்கவேண்டும் என்று நகரத்தின் பாதுகாப்புக் குழு சொன்னது. நகர மன்றமும் அப்படியே தீர்மானித்தது. தங்கள் முன்னோர் அவமானப்பட்ட அந்த மண்ணிலேயே மறுபடி ஆலயம் எழவேண்டும் என்று மேற்றிராணியார் உறுதியாயிருந்தார். அமெரிக்காவின் ஸெயின்ட் பால் நகரத்தோடு சகோதர உறவு பூண்டு, அங்கே விஜயம் செய்து திரும்பியிருந்த மேயர், அந்தச் சுவர்கள் அமைதிக்கு அவசியமானவையல்ல என்ற அபிப்பிராயத்துக்கு வந்திருந்தார். 1958 மார்ச்சில் சுவர்கள் இடிக்கப்பட்டன. ஒரு துண்டை மட்டும் குண்டு மையத்துப் பூங்காவில் கொண்டுபோய் நட்டார்கள். அதற்கு மாறாக, குண்டில் சிதைந்து நின்ற ஹிரோஷிமாவின் மாடக் கட்டடம் 1966-இல் நகர மன்றத் தீர்மானத்தாலும் பொதுஜனங்களின் நன்கொடையாலும் காப்பாற்றப்பட்டு, 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று உலகத்தார் அணுகுண்டு என்றதும் ஹிரோஷிமாவை நினைத்து நாகசாகியை இரண்டாவதாக நினைப்பதற்கு, அந்த மார்ச்சு மாதத்துக் கடப்பாரைகளும் ஒரு காரணம்.

குண்டு போட்ட தேசத்தின் ஸ்தாபனங்களைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் விமானக் காட்சிசாலை, ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக, குண்டு போட்ட ‘எனோலா கே’ விமானத்தோடு ஹிரோஷிமாவின் சின்னங்களையும் சேர்த்து வைக்க எண்ணியது. கருகிய சோறு உள்ளேயே இருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பா அந்தச் சின்னங்களில் ஒன்று. பழைய படைவீரர் சங்கங்களும் விமானப்படைச் சங்கமும் எதிர்த்தன. செனட் சபையும் கண்டித்தது. 1995 ஜனவரியில் அந்தத் திட்டம் ரத்தாயிற்று. மே மாதத்தில் காட்சிசாலைத் தலைவர் பதவி விலகினார். பளபளக்கும் விமானத்தின் பாகங்கள் மட்டும் காட்சிக்கு வந்தன.

சபையோர்களே, இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு ஸ்தாபனம் தன் கேள்விகளை ஒதுக்கிவிட்டுச் சும்மா காது கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஆகஸ்டு 6-ஆம் தேதி நகரத்துக்குள் நின்று எடுக்கப்பட்டு நமக்குக் கிடைத்த புகைப்படங்கள் மிக மிகக் குறைவு. உள்ளூர்ப் பத்திரிகையின் படக்காரர் மாட்சுஷிகே யோஷிடோ என்பவர் மியூகி என்ற பாலத்தருகில் காமிராவை எடுத்தவர், எதிரில் இருந்தவர்களைப் பார்த்துப் பொத்தானை அழுத்தமாட்டாமல் நெடுநேரம் நின்றார். நாள் முழுவதும் திரிந்தும் ஐந்தே படங்கள்தான் அவரால் எடுக்கமுடிந்தது. ஆகவே அன்றைய நிலையைக் கண்ணால் காட்டும் ஆதாரம் உலகத்தில் இல்லை என்றே நெடுங்காலம் கருதினார்கள். 1974-இல், எழுபத்தேழு வயதான ஒரு கிழவர் தம் கையால் வரைந்த சித்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஹிரோஷிமா வானொலி-தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைந்தார். ஒரு பாலத்தருகில் தாம் கண்ட காட்சியை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்து வரைந்திருந்தார். அவர் ஓவியர் அல்லர். அந்தப் படத்தைக் காட்டி, உங்களிடமும் இப்படி நினைவு இருந்தால் வரைந்து அனுப்புங்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்கள் வந்து குவிந்தன.

பென்ஸிலாலும் பள்ளிப் பிள்ளைகளின் வண்ணக் கட்டிகளாலும் வரைந்தவை அவை. சில, கையில் அகப்பட்ட காகிதத்தின் பின்புறத்தில் வரைந்தவை. உருவத்தின் அளவுகள் தப்பியிருக்கும். ஓரங்களில், வரைவதற்கு முடியாததை எழுத்தால் எழுதி நிரப்பியிருப்பார்கள். தண்ணீர் கேட்டவர்களே அந்தச் சித்திரங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். தீக்காயம் பட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் செத்துப்போவான் என்று சொல்லக் கேட்டுக் கொடுக்காமல் வந்தவர்களும், கொடுத்த மறுகணம் அவன் சாகக் கண்டவர்களும், நிற்க நேரமில்லாமல் கடந்து ஓடியவர்களும், முப்பது ஆண்டுகளாக அந்த ஒரு முகத்தைச் சுமந்திருந்து காகிதத்தில் இறக்கி வைத்திருக்கிறார்கள். தூரம் எத்தனை மீட்டர் என்று கேட்ட காரியாலயத்திடம் இதை எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ரத்தம் எடுத்த ஆய்வாளரிடமும் சொல்லியிருக்கமாட்டார்கள். குற்றமே செய்யாதவர்கள் தங்களைக் குற்றவாளிகளாக எண்ணி வாழ்ந்தார்கள் என்ற உண்மை, எந்தக் கேள்வித்தாளிலிருந்தும் வெளிவராமல், நிபந்தனையற்ற ஒரு வெள்ளைக் காகிதத்தில் வெளிவந்தது. அந்தச் சித்திரங்கள் இப்போது ஹிரோஷிமாக் காட்சிசாலையின் சேகரத்தில் இருக்கின்றன. தோல் கிழிந்து தொங்க நடந்துவரும் பொம்மை உருவங்களை அக்காட்சிசாலை 2017-இல் எடுத்துவிட்டபோது, கொடுமை மறைக்கப்படுகிறதே என்று பலர் வருந்தினார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் கைதேர்ந்த தொழிலாளி செய்த பொம்மையைக்காட்டிலும், கைதேராத சாட்சி வரைந்த கோடே நம்பத்தக்கது என்பது என் துணிவு.

சாட்சிகள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஸ்தாபனமும் ஒன்று உண்டு. பசிபிக் கடலின் பிகினித் தீவில் 1954 மார்ச்சு 1-ஆம் தேதி நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் கதிர்ச் சாம்பல் விழுந்ததையடுத்து, மூன்று கோடிக்கு மேற்பட்ட ஜப்பானியர் அணுகுண்டை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அந்தக் கிளர்ச்சியின் பலத்தில் 1956 ஆகஸ்டு 10-ஆம் தேதி நாகசாகியில் பிறந்தது நிஹோன் ஹிடாங்க்யோ என்ற ஹிபாகுஷாக்களின் சங்கம். அணுகுண்டு ஒழியவேண்டும், யுத்தம் நடத்திய சர்க்கார் இறந்தவர்களுக்கும் சேர்த்து நஷ்டஈடு தரவேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் அது ஒருசேரப் பிடித்துக்கொண்டது. உலகம் முதற்கோரிக்கைக்கு மாலை போட்டது. 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசும் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் தேதி ஆஸ்லோ மேடையில் பேசிய தனாகா தெருமி, பரிசளித்த சபையின் முன்னிலையில், இறந்தவர்களுக்கு ஜப்பானிய சர்க்கார் இன்றுவரை ஈடு அளிக்கவில்லை என்பதை வற்புறுத்தி இருமுறை சொன்னார். கௌரவம் செய்ய வந்த ஸ்தாபனத்தின் மேடையிலும் அவர்கள் தங்கள் வழக்கை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக அந்தக் கிழவருக்கு என் வணக்கம்.

2025 மார்ச்சு இறுதியில், கைப்புத்தகம் பெற்றவர்களில் உயிரோடிருந்தவர்கள் 99,130 பேர். சராசரி வயது 86. அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டுப் பயின்று அவர்களுக்காகப் பேசக்கூடிய வாரிசுகளை ஹிரோஷிமா நகர சபை 2012 முதல் தயாரித்துவருகிறது. நல்ல காரியம். ஆனால் 2006-இல் நாகசாகியில் நடந்ததையும் நினைவில் வைக்கவேண்டும். சாட்சியம் சொல்பவர்களை அனுப்பிவைக்கும் அங்குள்ள ஸ்தாபனமொன்று, சக்கரவர்த்தியின் யுத்தப் பொறுப்பு, அரசியல் சட்டத் திருத்தம் முதலிய விஷயங்களைப் பேச்சில் தவிர்க்குமாறு ஹிபாகுஷாக்களைக் கேட்டுக்கொண்டது. அவர்கள் மறுத்துக் கிளம்பினார்கள். ஸ்தாபனம் தன் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாரிசுகளிடம் அப்படிக் கேட்டால் மறுக்கும் அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? அனுபவம் அவர்களுடையதல்லவே. எனவே சாட்சிகள் சொன்னதோடு, எதைச் சொல்லக்கூடாதென்று அவர்களிடம் கேட்கப்பட்டது என்பதையும், அதற்கு அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் அந்த வாரிசுகளுக்குக் கற்பிக்கவேண்டும்.

இந்தச் சபையில் உபாத்தியாயர்களும் பாடநூல் எழுதுபவர்களும் இருக்கிறீர்கள். நம் பிள்ளைகளின் சரித்திரப் புத்தகத்தில் அணுகுண்டுக்கு ஒரு படம் போடவேண்டுமென்றால், வானளாவ எழுந்த அந்தப் புகைமேகத்தையே நெடுங்காலமாகப் போட்டுவருகிறோம். அதிகம் அச்சாகும் படங்கள் குண்டு போட வந்த விமானங்களிலிருந்து எடுத்தவை. அவற்றில் ஒரு மனிதர்கூட இல்லை. அந்த மேகத்துக்குக் கீழே நின்றவர்கள் தங்கள் கையால் வரைந்த சித்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஹிரோஷிமாக் காட்சிசாலைக்கு ஒரு கடிதம் எழுதி, அனுமதி பெற்று, அவற்றில் ஒன்றையாவது, ஓரத்தில் அந்தச் சாட்சி எழுதியிருக்கும் வாசகத்தோடு, நம் பாடநூலில் சேர்த்து அச்சிட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.